செல்வி ஆட்டோ சார்

பழைய லாரிப் படம் ஒன்றை என்னிடம் நீட்டினால் நான் மனிதர்களைப் பார்க்க மாட்டேன். படத்தில் மாப்பிள்ளை இருக்கட்டும், மந்திரி இருக்கட்டும், சாமியே இறங்கி வந்து பானட் மேல் உட்கார்ந்திருக்கட்டும், எனக்கு வேண்டியது வண்டியின் மூக்கு. பின்னால் இருக்கும் பாடி எதற்கும் உதவாது. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து சேஸும் இன்ஜினும் மூக்கும்தான் வரும். மீதியை உள்ளூர் ஆசாரி தன் இஷ்டத்துக்குப் பலகை அடித்து முடிப்பார். அதனால் பாடியைப் பார்த்து "இது பெட்ஃபோர்டு" என்று சொல்கிறவனை நான் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஹெட்லைட் மட்கார்டு மேல் உட்கார்ந்திருக்கிறதா, முகத்தோடு பதிந்திருக்கிறதா, பானட் ஓரத்தில் காற்றுக்கு விட்ட கீறல் எந்தப் பக்கம் சாய்கிறது, ரேடியேட்டருக்கு முன்னால் கம்பி நேராக ஓடுகிறதா, வலையா. இவ்வளவுதான் விஷயம். டாட்ஜும் ஃபார்கோவும் மட்டும் கொஞ்சம் தகராறு. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், பெயரை மறைத்துவிட்டால் பெற்றவளே தடுமாறுவாள்.

இந்த ஞானமெல்லாம் எனக்குத் தானாக வரவில்லை. கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டின் மேல் எங்கள் கடை. நான் பிறந்த வருஷம் அப்பா பொன்னுரங்கம் அதைத் திறந்து, என் பெயரைச் சுருக்கி 'செல்வி ஆட்டோ ஸ்பேர்ஸ்' என்று போர்டு எழுதினார். முழுப்பெயர் செந்தமிழ்ச்செல்வி. அவ்வளவு நீளத்துக்குப் போர்டில் இடம் இல்லை. அப்பாவுக்கு முடியாமல் போனபோது கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் கடையைத்தான் நன்றாகப் பார்த்தார்கள். கடையைக் கட்டிக்கொள்ள ஆள் இருந்தது, என்னைக் கட்டிக்கொள்ள இல்லை. அப்பாவும் போனார், அம்மாவும் போனார். இப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. கீழே கடை, மேலே வீடு.

தனியாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. திங்கட்கிழமை காலையில் முதல் ஆள் வந்து ஃபேன் பெல்ட் கேட்டால் என் தொண்டையிலிருந்து கரகரவென்று ஏதோ வரும். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரியும்.

வாட்ஸ்அப்பில் 'பழைய லாரி நண்பர்கள்' என்று ஒரு குழு இருக்கிறது. கடைக்கு வரும் டிரைவர் ஒருவன் என்னை அதில் கோத்துவிட்டான். யார் வீட்டுப் பரணிலாவது ஒரு படம் கிடைத்தால் போதும், அதைப் போட்டு இது என்ன வண்டி, எந்தக் காலத்து வண்டி என்று அடித்துக்கொள்வார்கள். என் எண் 'செல்வி ஆட்டோ' என்றுதான் வரும். சேர்ந்த முதல் வாரம் ஒரு காமர் லாரியை மட்கார்டு வளைவை வைத்தே சொன்னேன். "சூப்பர் சார்" என்றார்கள். "செல்வி ஆட்டோ சார் கலக்கிட்டாரு" என்றார்கள். நம் ஊரில் கடைக்குப் பெண் பெயர் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்ணின் அப்பன் என்று அர்த்தம். பஸ் நெற்றியில் தேவிப்ரியா என்று எழுதியிருந்தால் தேவிப்ரியாவா ஓட்டுகிறாள்? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழுவில் ஒரு பெண் ஒருமுறை சேர்ந்தாள். உடனே ரோஜாப்பூ, காலை வணக்கம் மேடம், மேடம் எந்த ஊர், சார் என்ன பண்றார். லாரியைப் பற்றி ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அவள் அந்த வாரமே ஓடிவிட்டாள். நான் சாராகவே இருந்துகொண்டேன், சௌகரியமாக இருந்தது.

அந்தக் குழுவில்தான் மணலூர்பேட்டை தனசேகரன் இருந்தார். கரும்பும் நெல்லும் வைத்திருப்பவர், இளவயதில் கரும்பு லாரி ஓட்டியவர். குழுவில் என்னோடு சண்டை போட்டுப் போட்டு, பிறகு தனியாக அனுப்ப ஆரம்பித்தார். காலையில் நான் டீ குடிப்பதற்கு முன்னால் படம் வந்துவிடும். "சார் இது இன்னா வண்டி சொல்லுங்க பாக்கலாம்." நான் சொல்வேன். "எப்டி சார்?" என்பார். எப்படி என்று விளக்குவேன். பிறகு மழை பெய்ததா, கரும்புக்கு வெட்டு ஆள் கிடைத்தார்களா, மோட்டார் ரிப்பேரா என்று பேச்சு நீளும். ஒருமுறை போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. கடையில் சத்தம் ஜாஸ்தி, எழுதியே அனுப்புங்கள் என்று பதில் போட்டேன். அவர் வேகமாக அடிக்கக் கற்றுக்கொண்டார்.

அவர் மனைவி இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மகன், மருமகளோடு இருந்தார். ஒரு மத்தியானம் இப்படி எழுதினார்: "ஆம்பளைக்கு ஆம்பள சொல்றேன் சார். இன்னிக்கு மோட்டார் ரூம்ல உக்காந்து அழுதுட்டேன். வூட்ல அழ முடியாது. உங்க ஒருத்தர் கிட்ட தான் சார் சொல்றேன்." நான் அதைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். யாரோ என்னிடம் மனசைத் திறந்திருக்கிறார்கள், ஆனால் அது எனக்கு வந்ததில்லை. "அழுங்க, தப்பில்ல" என்று சார் பதில் எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் செய்தி வந்தால் மட்டும் ஏர் ஹாரன் சத்தம் கேட்கிற மாதிரி போனில் வைத்துக்கொண்டேன். அதை அவரிடமும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நம்ம ஹாரன் அடிச்சா செல்வி சார் எந்திரிச்சி வழி வுடணும்" என்று எழுதினார். நாளெல்லாம் ரோட்டில் எத்தனையோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. என் பைக்குள் அடிப்பது மட்டும் எனக்காக அடித்தது.

மலைப் படம் வந்த கதைக்கு வருகிறேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் பையன் ஒருவன், தன் பெரியம்மா ரங்கம்மாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தை எனக்கு எடுத்துக் காட்டினான். கறுப்பு வெள்ளைப் படம். மலைச் சனங்கள் சுற்றி நிற்க, நடுவில் ஒரு லாரி. அதற்குப் பூஜை போட்ட நாள் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முகம் முழுக்க மாலை. மாலைக்கு மேலே தெரிந்த முன்கண்ணாடி, உச்சி முன்பக்கம் நீட்டி, அடி உள்வாங்கி நின்றது. பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் விட்ட மிலிட்டரி வண்டி அது. கனடாவில் ஒரே அச்சில் இரண்டு கம்பெனிக்காரர்கள் செய்தார்கள், ஃபோர்டும் செவர்லேயும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். இன்ஜினைத் திறந்தால் தெரியும், இல்லையென்றால் கிரில் வலையைப் பார்த்தால் தெரியும். ஃபோர்டு வலை கட்டம் கட்டமாக இருக்கும், செவர்லே வலை சாய்சதுரமாக இருக்கும்.

ஊரெல்லாம் சேர்ந்து மாலை போட்டு வலையை மூடி வைத்திருந்தார்கள். ஆனால் சாமந்திக்கு நடுவில் ஒரு நகக்கண் அளவுக்கு இடைவெளி. அதில் கம்பி சாய்ந்து போவதைப் பார்த்தேன். படத்தைக் குழுவில் போட்டு, செவர்லே என்றேன். தனசேகரன் ஒப்புக்கொள்ளவில்லை. "அது பூ நாரோட நெழலு சார், வண்டி ஃபோர்டு தான்" என்றார். குழு இரண்டாகப் பிரிந்துகொண்டது. வண்டியின் எலும்புக்கூடு இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று அந்தப் பையன் சொல்லியிருந்ததை நான் வாய் தவறி எழுதிவிட்டேன்.

"அப்ப நேர்ல போயி பாத்துடலாம் சார். நாம ரெண்டு பேரும்."

முட்டி வலி என்றேன், கடையில் சரக்குக் கணக்கு என்றேன், மழை என்றேன். ஒவ்வொன்றும் தீர்ந்துபோனது. கடைசியில் "வெட்டு முடிஞ்சுது சார். புதன்கெழம காலைல உங்க கடைல நிக்கறேன்" என்று எழுதிவிட்டார்.

சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னால் ஒன்று, அவர் சிரித்துவிட்டு வண்டியைப் பார்க்க வருவார். இல்லையென்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போவார், காலையில் ஹாரன் அடிக்காது. அந்த ஒரு ஆளும் போய்விட்டால் என் போன் வெறும் டார்ச் லைட்டுதான். இரண்டுக்கும் தயார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதன்கிழமை நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன்.

காலையில் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை. வாட்ஸ்அப் படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார்.

"வணக்கம்மா. சார் இருக்காருங்களா? மணலூர்பேட்ட தனசேகரன் வந்துகீறேன்னு சொல்லுங்க."

'நான்தான் செல்வி' என்ற வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. ரேக்குகளைத் தாண்டி உள் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், வருகிறவரைக் கட்டிப்பிடிக்கத் தயாராக. அந்த முகத்தில் இருந்த ஆசை எனக்கு உரியது. அது என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தால் அது அணைந்துபோகும் என்று தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"அண்ணனுக்கு ஜொரங்க" என்றேன்.

இப்படியாக ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஒரு அண்ணன் பிறந்தான்.

"அய்யய்யோ. மேல படுத்துகினு இருக்காரா? ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேனே."

"தூங்குறாரு. தொத்திக்கிற ஜொரமாம், யாரும் வர வேணான்னுட்டாரு. மலைல அந்த வூட்டுக்காரங்கள எனக்குத்தான் பழக்கம். உங்கள கூட்டிகினு போயி வண்டிய காட்டிட்டு வரச் சொன்னாரு."

அவர் தோள் இறங்கிவிட்டது. மஞ்சள் பையை மேஜை மேல் வைத்தார். "புது வெல்லம்மா. சாருக்குன்னு கொண்டாந்தேன். ஜொரம் வுட்டதும் குடுங்க."

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். பேசிக்கொண்டே போகலாம் என்று கொஞ்சம் கனவு கண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்கு முன்பக்கம் பெண்கள் சீட்டைக் காட்டிவிட்டு, மரியாதையாகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஊர் எல்லை தாண்டும்போது என் கைப்பைக்குள் ஏர் ஹாரன் அடித்தது. பக்கத்தில் இருந்தவள் திரும்பக்கூட இல்லை. பஸ் டிரைவரே அதைவிட மோசமாக அடித்துக்கொண்டிருந்தான்.

"சார் ஜொரமாமே. நெலவேம்பு குடிங்க. உங்க தங்கச்சிய பத்திரமா கூட்டிகினு போறேன் கவலப்படாதீங்க."

நான் பைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அடித்தேன்: "அவ வாயாடி. கண்டுக்காதீங்க."

"இல்ல சார். பாவம் அமைதியா கீறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் அப்போது திரும்பிப் பார்த்தாள். கச்சிராயபாளையம் போகும்வரை நானும் அவரும் இப்படியே பேசிக்கொண்டு வந்தோம், ஒரே பஸ்ஸில், முதல் சீட்டும் கடைசி சீட்டுமாக. ஃபோர்டு தோற்றால் குழுவில் ஒரு வாரம் மௌன விரதம் என்று அவர் பந்தயம் கட்டினார். சார் ஒப்புக்கொண்டார். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டவர் போய்விட்டது. அதோடு பேச்சும் நின்றது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அவர் எனக்குப் பின்னால்தான் இருந்தார், ஆனால் மணலூர்பேட்டையில் இருக்கும்போது இதைவிடக் கிட்டத்தில் இருந்த மாதிரி தோன்றியது.

வெள்ளிமலைக்கு அப்பால் இறங்கி மரவள்ளிக் கொல்லை வழியாக நடந்தோம். ரங்கம்மாள் வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டுக்காரரா?" என்றார்.

"அய்யோ இல்லீங்க," என்று தனசேகரன் ஒரு அடி தள்ளி நின்றார். "இவுங்க எங்க சாரோட தங்கச்சி."

வண்டி வீட்டுக்குப் பின்னால் ஒரு கடுக்காய் மரத்தடியில் கிடந்தது. இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை. சேஸ் பாதி மண்ணுக்குள் போயிருந்தது. கூரை மேல் பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. ஆனால் அந்த நெற்றி அப்படியே இருந்தது, உச்சி முன்னால் நீட்டி, அடி உள்வாங்கி, யாரையோ குனிந்து பார்க்கிற மாதிரி. இத்தனை வருஷம் தபால்தலை அளவுப் படங்களில் பார்த்ததை நேரில் பார்த்தபோது ஓடிப்போய்த் தொட வேண்டும் போலிருந்தது. சாரின் தங்கச்சி ஏன் ஓட வேண்டும்? புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அவர் தொட்டார். கதவைத் தடவினார், மட்கார்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார் பாக்கலியே. சார் இருந்துருக்கணும்மா இன்னிக்கி." அதையே பலமுறை சொன்னார். சார் நாலு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

முகத்தில் கிரில் இல்லை. அந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. "கம்பியும் இல்ல, இன்ஜினும் இல்ல. இன்னா பண்றது," என்று யோசித்தார். பிறகு, "ஏலத்துல வந்ததுல ஜாஸ்தி ஃபோர்டு தாம்மா. சார் கிட்ட அப்டியே சொல்லிடலாம்" என்றார்.

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். ஜாஸ்தி வந்ததென்றால் இதுவும் அதுவா? இது என்ன நியாயம்? குழுவில் யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் தோலை உரித்திருப்பேன். கோபத்தை அடக்க வேறு பக்கம் திரும்பினேன். அங்கே ரங்கம்மாளின் கோழிக்கூடு இருந்தது. கல்லை அடுக்கி, மேலே பலகை போட்டு, முன்னால் கதவாக ஒரு கம்பி வலையைச் சாய்த்து வைத்திருந்தார். துரு ஏறிய கனத்த வலை, ஒவ்வொரு கண்ணும் சாய்சதுரம். அதற்குள்ளிருந்து ஒரு வெடைக்கோழி என்னைப் பார்த்தது.

அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"கிரில் அதோ இருக்குது," என்றேன். "வலைய பாருங்க. சாஞ்சி சாஞ்சி ஓடுது. ஃபோர்டுன்னா கட்டம் கட்டமா இருக்கும். இது செவர்லே."

அவர் கோழிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவர் என்னைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்தேன். கண்டுபிடிக்கட்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

"சார் சொல்லி அனுப்சாராம்மா?"

"ஆமா," என்றேன்.

"பாத்தீங்களா! வராமலே ஜெயிச்சிட்டாரு மனுசன்!" குழந்தை மாதிரி கைதட்டினார். ரங்கம்மாளின் மாமனார் அந்த வண்டிக்கு மூங்கில் ஏற்றியவராம். வண்டி படுத்த பிறகு வலையை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தாராம். தனசேகரன் அதைக் கேட்டுக்கொண்டே போனை எடுத்து, வண்டி, கதவு, கோழிக்கூடு, கோழி, எல்லாவற்றையும் படம் பிடித்தார். டவர் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொன்றாகச் சாருக்கு அனுப்பினார். "கீழ எறங்குனா தானா போயிடும்மா."

ரங்கம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாப்பிடும்போது தனசேகரன் கேட்டார், "சார் தன் வூட்டு சேதி எதுவும் சொல்ல மாட்டாரும்மா. என் கதைய எல்லாம் கேப்பாரு, தன் கதைய சொல்ல மாட்டாரு. கடைக்கு செல்வின்னு பொண்ணு பேரு தான வெச்சிகீறாரு? பொண்ண எங்க குடுத்துகீறீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"குடுக்கல. கல்யாணம் ஆவல."

"அடடா. இப்ப எங்க கீறா?"

"தனியாத்தான் இருக்கா."

"சார் ஒரு வார்த்த சொன்னது இல்லியே." அவருக்கு நிஜமாகவே வருத்தம். "பாவம்மா அந்த பொண்ணு. ஆனா சாரு மாதிரி ஒரு அப்பன் இருக்கச்சொல்ல அதுக்கு இன்னா கொறை? பேச ஒரு ஆள் கீறாரு இல்ல?"

என் அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அன்றுதான் போன மாதிரி இருந்தது. குழம்பு காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

"எனக்கே பாருங்க," என்று அவர் தொடர்ந்தார். "மருமவ என் போன எடுத்து பாப்பா. யாரு மாமா இது செல்வி, எந்நேரமும் பேசிகினு கீறீங்கன்னு ஒரு நாளு கேட்டா. அது கட பேரும்மா, ஆளு சாருன்னேன். சிரிச்சிட்டு குடுத்துட்டா. பொம்பளயா இருந்தா வூட்ல சும்மா வுடுவாங்களா? ஊரு தான் சும்மா வுடுமா? நல்ல வேள, சாரு சாரா கீறாரு."

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் இந்தத் தடவை எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார், வழியில் ஏதாவது வேண்டுமா என்று கேட்க வசதியாக. இறக்கத்தில் டிரைவர் இன்ஜினை அடக்கி ஓட்டினான். பஸ்ஸுக்குள் அவ்வளவு அமைதி. நான் வலையைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்தேன். போனைப் பற்றி நினைக்கவே இல்லை.

கடைசி வளைவு திரும்பியதும் கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது, டவர் வந்துவிட்டது.

என் மடியில் இருந்த கைப்பைக்குள் ஏர் ஹாரன் அடித்தது. ஒரு தடவை அடித்து நிற்கவில்லை. வண்டிக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, கோழிக்கூட்டுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று அவர் மலையில் எடுத்த படமெல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. நான் பையை மார்போடு அணைத்து அமுக்கினேன். அமுக்க அமுக்க அது அடித்தது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். நம்ம ஹாரன் அடித்தால் செல்வி சார் எழுந்து வழி விட வேண்டும் என்று எழுதியவர் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. பின்னாலிருந்து ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கச்சிராயபாளையத்தில் சனங்கள் ஏறினார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள், யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து யாருக்கோ இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். கள்ளக்குறிச்சி வரும்வரை நின்றபடியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். சாரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஜொரம் எப்படி என்று கேட்கவில்லை. என் கைப்பையை ஒரு தடவை பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மோட்டார் ரூமில் அழுததை யாரிடம் சொன்னோம் என்று நினைத்தாரோ என்னவோ, காதுமடல் சிவந்திருந்தது.

"வரேங்கம்மா," என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். திருக்கோவிலூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். நான் கூப்பிடவில்லை. என்னவென்று கூப்பிடுவது?

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே உட்கார்ந்தேன். படங்களைப் பார்த்தேன். கோழிக்கூட்டுப் படத்துக்குக் கீழே மலையில் இருக்கும்போதே எழுதியிருந்தார்: "நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். உங்க தங்கச்சி கரெக்டா காட்டுனாங்க. இந்த மாரி கூடப்பொறந்தவங்க கெடைக்க குடுத்து வெக்கணும்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 'நான்தான்' என்று அடித்தேன், அழித்தேன். 'மன்னிச்சுக்கோங்க' என்று அடித்தேன், அதையும் அழித்தேன். எல்லாம் முடிந்தது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் டீயை எப்படிக் குடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கடைகளெல்லாம் அடைக்கும் நேரத்தில் ஹாரன் அடித்தது. போனை எடுத்தேன்.

"சார் நான் வூட்டுக்கு வந்துட்டேன். தங்கச்சி பத்திரமா வந்து சேந்தாங்களா?"

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். சாரை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. செல்வியை வைத்துக்கொள்ள அவர் வீட்டில் இடமில்லை, ஊரில் இடமில்லை, அவர் போனிலும் இடமில்லை. நாளைக்குக் காலையில் படம் வரும், சார் இது இன்னா வண்டி என்று கேட்பார், சார் சொல்லுவார். அதற்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததே என்று அழுகை வந்தது.

மஞ்சள் பையிலிருந்து சாருக்கு வந்த வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு பதில் அடித்தேன்.

"வந்துட்டா. நான் பாத்துக்கறேன்."